ஈரல் கொழுப்புக்கு புது மாத்திரை வந்துருச்சாமே டாக்டர், என் வீட்டுக்காரருக்கு வாங்கலாமா?

வந்த கடிதம் (சுருக்கி போட்டிருக்கேன்):

"வணக்கம் டாக்டர். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர். என் வீட்டுக்காரர் அரிசி மண்டி வச்சிருக்கார், 46 வயசு. உயரம் 168, வெயிட் 84 கிலோ. 6 வருஷமா சுகர். போன மாசம் ஃபுல் செக்கப் பண்ணதுல ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு வந்துச்சு. ரத்தத்துல பாக்கற லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 81, பிளேட்லெட் 1.6 லட்சம். அப்புறம் ஃபைப்ரோஸ்கேன் எடுத்தாங்க, 10.8னு போட்டிருக்கு. ஒரு டாக்டர் ஊசி குத்தி ஈரல் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும், எண்டோஸ்கோப்பியும் பாத்துரலாம்ங்கறார். இன்னொருத்தர் இது எல்லாருக்கும் இருக்கறதுதான், வாக்கிங் போங்கன்னு அனுப்பிட்டார். என் தம்பி நியூஜெர்சில இருக்கான், அங்க இதுக்குன்னே புது மாத்திரை வந்திருக்கு வாங்கி அனுப்பறேன்ங்கறான். ஊசி கூட இருக்காம். மாமியார் தினமும் வெறும் வயித்துல கீழாநெல்லி அரைச்சு குடுக்கறாங்க, அதோட ஆன்லைன்ல வாங்குன லிவர் கிளீன் பொடி ஒண்ணு. அவர் சனி ஞாயிறு மட்டும் ஒரு குவாட்டர் சாப்பிடுவார். கொலஸ்ட்ரால் மாத்திரை லிவரை கெடுக்கும்னு யாரோ சொல்லி அவரே நிறுத்திட்டார். எங்க மாமனார் 58 வயசுல வயித்துல தண்ணி கோத்து ரத்த வாந்தி எடுத்து தவறிட்டார். அவர் ஒரு சொட்டு கூட குடிச்சதில்ல, ஆனா ஊர்ல இன்னைக்கும் ஒளிஞ்சு குடிச்சிருப்பார்னுதான் பேசறாங்க. இவருக்கும் அப்படி ஆயிடுமோ, ஈரல் மாத்தற வரைக்கும் போயிடுமோன்னு ராத்திரி தூக்கம் வரல."

வணக்கம் டீச்சர்.

நீங்க கடைசில எழுதுனதுலருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்க கடிதத்துல என்னை ரொம்ப நேரம் நிறுத்துனது அந்த வரிதான். உங்க மாமனார் குடிச்சிருக்கவே மாட்டார். நான் படிக்கிற காலத்துல இந்த மாதிரி கேஸ் வந்தா, குடியும் இல்ல, மஞ்சக்காமாலை வைரஸும் இல்ல, ஆனா ஈரல் சுருங்கி போயிருக்கு அப்படின்னா கேஸ் ஷீட்ல 'கிரிப்டோஜெனிக்'னு எழுதுவோம், அதாவது காரணம் தெரியல, அவ்வளவுதான் அர்த்தம், ஆனா வார்டுக்கு வெளிய நிக்கற சொந்தக்காரங்க காதுல அது "எதையோ மறைக்கறாங்க"ன்னு விழும். 1980ல அமெரிக்கால மேயோ கிளினிக்ல லுட்விக்னு ஒரு டாக்டர் 20 பேரோட ஈரல் சதைய மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு, இது அப்படியே குடிகாரங்க ஈரல் மாதிரியே இருக்கு ஆனா இவங்க குடிக்கறவங்க இல்லையேன்னு குழம்பி, அதுக்கு ஒரு பேர் வச்சார். அதுலயும் பாருங்க, "குடி சாராத"ன்னு குடிய வச்சேதான் பேர். 2023 ஜூன்லதான் உலகத்துல இருக்கற பெரிய லிவர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அந்த பேர தூக்கிட்டு 'மாஸ்எல்டி'ன்னு மாத்துனாங்க, சுகர், பிரஷர், தொப்பை, ரத்தக் கொழுப்பு இதோட கை கோத்து வர்ற ஈரல் நோய்னு அர்த்தம் வர்ற மாதிரி. அதுல ஈரல் வீங்கி புண்ணாகற கட்டத்துக்கு 'மேஷ்'னு பேர். உங்க மாமனாருக்கு சுகர் இருந்துச்சான்னு மாமியார்கிட்ட கேளுங்க. இருந்துச்சுன்னா எனக்கு அனேகமா சந்தேகமே இல்ல.

இத நான் ஆறுதலுக்கு சொல்லல, சிகிச்சைக்கே தேவைப்படற விஷயம். அப்பாவுக்கு இதுல ஈரல் சுருங்கியிருந்தா பிள்ளைங்களுக்கு தழும்பு விழுற வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு ஜாஸ்தி. பிஎன்பிஎல்ஏ3னு ஒரு ஜீன் இருக்கு, அதுக்கும் ஈரல் கொழுப்புக்கும் உள்ள தொடர்ப 2008ல கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு சின்ன எழுத்து மாறியிருந்தா ஈரல்ல கொழுப்பு தங்குறதும் தழும்பாகறதும் சுலபம். அதனால அந்த ரெண்டாவது டாக்டர் மாதிரி "எல்லாருக்கும் இருக்கறதுதான்"னு உங்க வீட்டுக்காரர நான் அனுப்ப மாட்டேன். அவருக்கு கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் ஒரு தடவ பாக்க சொல்லுங்க.

இப்ப அந்த கிரேடு 2 சமாச்சாரம். சத்தியமா சொல்றேன் டீச்சர், என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் இந்த கிரேட பாத்துதான் பயப்படறாங்க இல்ல நிம்மதியாகறாங்க, ரெண்டுமே தப்பு. கிரேடுங்கறது ஸ்கேன்ல ஈரல் எவ்வளவு வெள்ளையா தெரியுதுங்கறது மட்டும்தான், அதாவது கொழுப்பு எவ்வளவு. கொழுப்பு வரும் போகும். நமக்கு முக்கியம் தழும்பு, ஃபைப்ரோஸிஸ்ங்கறோம்ல அது. கறிக்கடைல ஆட்டு ஈரல் வாங்கியிருப்பீங்க, விரல் வச்சா மெத்துனு அமுங்கும். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி சுருங்கிப் போன ஈரல ஆபரேஷன் தியேட்டர்ல தொட்டுப் பாத்திருக்கேன், கையுறைக்கு மேலயே முண்டு முண்டா தட்டுப்படும், அழுத்துனா அமுங்காது. மெத்துனு இருக்கறது முண்டும் முடிச்சுமா ஆகறதுக்கு பல வருஷம் ஆகும், அத நாம ஸ்டேஜ் எஃப்0லருந்து எஃப்4 வரைக்கும்னு பிரிச்சு வச்சிருக்கோம். கிரேடு 3 இருந்து ஸ்டேஜ் 0 இருக்கறவங்களும் உண்டு, கிரேடு 1 போட்டிருக்கும் ஆனா ஸ்டேஜ் 3 இருக்கும், ரெண்டாவது ஆள்தான் ஆபத்துல இருக்கார், ஆனா வீட்டுல கொண்டாடிட்டு இருப்பாங்க கிரேடு 1தான்னு.

ஸ்டேஜ கண்டுபிடிக்க முன்ன ஊசி குத்தி சதை எடுக்கறதுதான் ஒரே வழி. இப்ப முதல் படி ஒரு கணக்குதான், பைசா செலவில்லாம நீங்களே போடலாம், கணக்கு டீச்சரா இல்லையான்னு நீங்க எழுதல, பரவால்ல. வயசையும் எஸ்ஜிஓடியையும் பெருக்குங்க: 46 பெருக்கல் 62, வந்தது 2852. அடுத்து எஸ்ஜிபிடிக்கு வர்க்கமூலம்: 81க்கு 9. பிளேட்லெட்ட ஆயிரக்கணக்குல எடுங்க, 160, அத 9ஆல பெருக்குனா 1440. 2852ஐ 1440ஆல வகுத்தா கிட்டத்தட்ட 1.98. இதுக்கு பேரு ஃபிப்-4. 1.3க்கு கீழன்னா தழும்பு பெருசா இல்லன்னு நம்பலாம், 2.67க்கு மேலன்னா உஷாராகணும். உங்களவர் நடுவுல நிக்கறார். 65 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு கீழ் எல்லை 2, சும்மா வயசு ஏறறதாலயே நம்பர் ஏறும்ல, அதான்.

நடுவுல நின்னா அடுத்த படிதான் ஃபைப்ரோஸ்கேன், அத அவர் எடுத்தாச்சு, 10.8. வலது பக்கம் விலா எலும்பு சந்துல ஒரு ப்ரோப வச்சு 'டொக்'னு தட்டும், அந்த அதிர்வு ஈரலுக்குள்ள எவ்வளவு வேகமா ஓடுதுன்னு அளக்கும், ஈரல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வேகம். குறைஞ்சது 10 தடவ எடுத்து நடு நம்பர போடுவாங்க. 8க்கு கீழன்னா நிம்மதி, 8லருந்து 12 வரைக்கும் கவனிக்கணும், அதுக்கு மேலன்னா தழும்பு முத்திருக்கலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், அன்னிக்கு காலைல இட்லி சாப்பிட்டுட்டு போனாரா? ஏன்னா சாப்பிட்ட உடனே ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், ஈரல் கொஞ்சம் விறைக்கும், நம்பர் பொய்யா ஏறும். 3 மணி நேரம் வெறும் வயிறு வேணும். ஃபுல் செக்கப் பேக்கேஜ்ல டிபன் ஃப்ரீன்னு ஒரு கூப்பன் குடுப்பாங்க, ரத்தம் குடுத்துட்டு பொங்கல் வடைய முடிச்சிட்டு ஸ்கேன் ரூமுக்கு போனவங்க எத்தனையோ பேர் அந்த நம்பர தூக்கிட்டு என்கிட்ட வந்திருக்காங்க. ரிப்போர்ட்ல ஐக்யூஆர்னு ஒரு சதவீதம் போட்டிருக்கும் பாருங்க, அது 30க்குள்ள இருந்தாதான் அந்த ஸ்கேன நம்பலாம்.

எண்டோஸ்கோப்பி இப்ப வேண்டாம். உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சிருக்கான்னு பாக்கத்தான் அது, உங்க மாமனாருக்கு வெடிச்சது அதுதான். ஃபைப்ரோஸ்கேன் 20க்கு கீழயும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலயும் இருந்தா எண்டோஸ்கோப்பிய தள்ளி வைக்கலாம்னு பவேனோங்கற லிவர் டாக்டர்கள் மாநாட்டு விதிகள்லயே இருக்கு, உங்களவர் ரெண்டுலயும் பாஸ். சதை டெஸ்ட்டும் இப்ப அவசரமில்ல. அதுல எடுக்கற துண்டு மொத்த ஈரல்ல 50,000ல ஒரு பங்குதான். அது ஒரு எடத்துல தழும்ப காட்டும், பக்கத்துல வேற மாதிரி இருக்கும். நம்பர்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டாலோ, இல்ல வேற ஏதாவது நோய்னு சந்தேகம் வந்தாலோ அப்ப கேக்கறேன். அந்த டாக்டர் தப்பு சொன்னார்னு அர்த்தமில்ல, கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டார்.

சரி, தம்பி சொன்ன மாத்திரைக்கு வர்றேன். பேரு ரெஸ்மெடிரோம். 2024 மார்ச்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அனுமதி குடுத்தது, இந்த நோய்க்குன்னு அவங்க அனுமதிச்ச முதல் மருந்து. அதுக்கு முன்ன எத்தனையோ கம்பெனி கோடி கோடியா கொட்டி தோத்த ஃபீல்டு இது. தைராய்டு ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும், ஆனா ஈரல்ல இருக்கற பூட்டுல மட்டும் சேர்ற சாவி, அதனால படபடப்பு வராம கொழுப்ப எரிக்கும். 966 பேர வச்சு ஒரு வருஷம் பாத்தாங்க. 100 மில்லிகிராம் எடுத்தவங்கள்ல 100க்கு 30 பேருக்கு ஈரல் புண் ஆறிருச்சு, 80 மில்லிகிராம்ல 26 பேருக்கு, டம்மி மாத்திரைல 10 பேருக்கு. தழும்பு ஒரு ஸ்டேஜ் குறைஞ்சது மருந்துல 24லருந்து 26 பேருக்கு, டம்மில 14 பேருக்கு. நல்ல மருந்துதான், நான் சந்தோஷப்பட்டேன். ஆனா கணக்க திருப்பி பாருங்க, மருந்து சாப்பிட்டவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு அந்த ஒரு வருஷத்துல தழும்பு குறையல. அங்க அது வந்தப்ப போட்ட விலை வருஷத்துக்கு 47,400 டாலர். தம்பிகிட்ட அன்பா சொல்லுங்க, அனுப்ப வேண்டாம்னு. காசு மட்டும் காரணமில்ல, பித்தப்பை கல்லு பாக்கணும், அப்பப்ப ரத்தம் பாக்கணும், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள அளவுக்கு மேல சேக்கக் கூடாது, வயித்துப்போக்கு வரும், இதெல்லாம் ஒரு டாக்டர் கண்ணு முன்னாடி நடக்கணும், சூட்கேஸ்ல வர்ற மருந்துக்கு யார் பொறுப்பு.

ஊசிதான் உங்களவருக்கு நெஜமாவே யோசிக்க வேண்டிய விஷயம். செமாக்ளூடைட். சுகருக்கும் வெயிட்டுக்கும் வந்த மருந்து, வாரம் ஒரு தடவ வயித்துல தோலுக்கடில போடறது. 2025 ஆகஸ்ட்ல எஃப்டிஏ இத ஈரலுக்கும் அனுமதிச்சது, ஸ்டேஜ் எஃப்2, எஃப்3 உள்ளவங்களுக்கு. எசன்ஸ்னு பேர் வச்ச ஆராய்ச்சி, முதல் 800 பேர 72 வாரம் கழிச்சு பாத்தாங்க, ஊசி போட்டவங்கள்ல 100க்கு 63 பேருக்கு ஈரல் புண் ஆறியிருந்துச்சு, டம்மி ஊசில 34 பேருக்கு. தழும்பு குறைஞ்சது ஊசில 37 பேருக்கு, டம்மில 22 பேருக்கு. நான் இந்த முடிவ படிச்சப்ப அந்த 34லதான் கண்ணு நின்னுச்சு. ஒண்ணுமே இல்லாத ஊசி போட்டவங்கள்லயும் மூணுல ஒருத்தருக்கு ஆறியிருக்கு! காரணம் பல இருக்கும், ஆனா ஒரு ஆராய்ச்சில சேர்ந்ததும் ஒருத்தர் ஒழுங்கா மாசாமாசம் வந்து, வெயிட் பாத்து, சாப்பாட்ட யோசிச்சு சாப்பிட ஆரம்பிக்கறார்ல, அதுக்கும் அதுல பங்கு இருக்கு. டிர்செபடைட்னு இன்னொரு ஊசி இருக்கு, மௌஞ்சாரோன்னு விக்கறாங்க, 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்துச்சு. 190 பேர வச்சு நடத்துன சின்ன ஆராய்ச்சில அதோட பெரிய டோஸ்ல 100க்கு 62 பேருக்கு ஈரல் புண் ஆறுச்சு, டம்மில 10 பேருக்கு. ஆனா அது இரண்டாம் கட்ட சோதனைதான்.

உங்களவருக்கு சுகர் இருக்கு, பிஎம்ஐ 30ஐ தொட்டுட்டு நிக்குது, அதனால ஈரல விடுங்க, சுகர் கணக்குலயே இந்த ஊசிக்கு அவர் தகுதிதான். போடலாமா? வெறும் வயித்துல எடுத்த ஃபைப்ரோஸ்கேன்லயும் 8க்கு மேல நின்னா, நான் போடுவேன். ஆனா கண்ண தொறந்துட்டு போடணும். 0.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு மாசாமாசம் ஏத்தணும், அவசரப்பட்டு ஏத்துனா வாந்தி, குமட்டல், மலச்சிக்கல்னு மனுஷன் ரெண்டாவது மாசமே ஊசிய தூக்கி எறிஞ்சுருவார். ஆரம்பிக்கறதுக்கு முன்ன கண் டாக்டர்கிட்ட விழித்திரைய காட்டணும், சுகர் சட்டுனு இறங்குனா சிலருக்கு கண்ணுல பிரச்சனை கூடும். தசையும் சேர்ந்து கரையும், அதனால பருப்பு முட்டை மீன் குறைக்கக் கூடாது. அப்புறம் நிறுத்துனா? வெயிட்டுக்காக இதே ஊசிய போட்டு பண்ண ஒரு ஆராய்ச்சில, நிறுத்துன ஒரு வருஷத்துல குறைஞ்ச வெயிட்ல மூணுல ரெண்டு பங்கு திரும்பி ஏறிருச்சு. அதனால "ஆறு மாசம் போட்டு விட்டுடறேன் டாக்டர்"னு கேட்டா நான் ஆரம்பிக்கவே மாட்டேன்.

இதெல்லாம் வாங்க முடியலன்னா வழியே இல்லையான்னு நெனைக்காதீங்க. டாபாக்ளிஃப்ளோசின்னு ஒரு சுகர் மாத்திரை, 2020ல பேட்டன்ட் முடிஞ்சு நம்மூர் கம்பெனிங்க எல்லாம் போட ஆரம்பிச்சதுல விலை மளமளன்னு இறங்கிருச்சு. சீனால 154 பேருக்கு 48 வாரம் குடுத்து சதை டெஸ்ட் பண்ணி பாத்ததுல 100க்கு 53 பேருக்கு ஈரல் தேறியிருந்துச்சு, டம்மில 30 பேருக்கு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா சுகருக்கு எப்படியும் ஒரு மாத்திரை சாப்பிடத்தானே போறார், அது இதுவா இருந்தா என்ன, அவரோட சுகர் டாக்டர்கிட்ட கேளுங்க. சரோகிளிடசார்னு நம்ம சைடஸ் கம்பெனி மாத்திரை ஒண்ணுக்கும் 2020ல இந்தியால இந்த நோய்க்கு அனுமதி கிடைச்சுது, நானும் சிலருக்கு எழுதறேன், எஸ்ஜிபிடியும் ட்ரைகிளிசரைடும் நல்லா இறங்குது.

ஆனா இன்னைக்கு வரைக்கும் எந்த மருந்துகிட்டயும் நான் பாக்காத நம்பர் ஒண்ணு இருக்கு. 2015ல கியூபால 293 பேர ஒரு வருஷம் சாப்பாடு, நடைன்னு மட்டும் வச்சு பாத்தாங்க. யாருக்கு வெயிட் 10 சதவீதம் குறைஞ்சுதோ அவங்கள்ல 100க்கு 90 பேருக்கு ஈரல் புண் ஆறிருச்சு, 45 பேருக்கு தழும்பே பின்வாங்குச்சு. உங்களவருக்கு 10 சதவீதம்னா 8.4 கிலோ, அதாவது 84லருந்து 76க்கு பக்கத்துல. சிக்கல் என்னன்னா அந்த 293 பேர்ல அந்த 10 சதவீதத்த எட்டுனவங்க பத்துல ஒருத்தர்தான். அதனாலதான் ஊசிக்கு மவுசு. வாக்கிங் போங்கன்னு சொல்லி அனுப்புன டாக்டர் சொன்னது தப்பில்ல, எத்தன கிலோ, எத்தன மாசத்துல, எப்ப திரும்பி வரணும்னு சொல்லாம விட்டதுதான் தப்பு.

மண்டில உக்காந்திருக்கறவருக்கு எங்க குறைக்கறதுன்னு கேட்டா, நான் முதல்ல டீய எண்ணுவேன். லோடு இறங்கறப்ப ஒண்ணு, வியாபாரி வந்தா ஒண்ணு, கணக்கு பாக்கறப்ப ஒண்ணுன்னு ஒரு நாளைக்கு 6 டீன்னு வைங்க, கடை டீல ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா ஒரு டீக்கு 10 கிராம், அங்கயே 60 கிராம் சர்க்கரை ஆச்சு, வாரத்துக்கு அரை கிலோவ நெருங்கறது வெறும் டீலயே. அத சர்க்கரை இல்லாத காபியா மாத்துனா ரொம்ப நல்லது, காபி குடிக்கறவங்களுக்கு ஈரல் தழும்பு குறைவா இருக்குன்னு பல நாட்டு ஆராய்ச்சிலயும் வந்திருக்கு, நானே அத சாக்கா வச்சு ஒரு நாளைக்கு மூணு குடிக்கறேன். ராத்திரி சோத்த பாதியா குறைச்சு பொரியல ரெட்டிப்பாக்குங்க (அரிசி மண்டிக்காரர்கிட்ட போய் இத சொல்ல எனக்கே கூச்சமாதான் இருக்கு). பழ ஜூஸ் வேண்டாம், பழமா கடிச்சு சாப்பிடட்டும். எண்ணெய சுத்தமா நிறுத்திட்டு வெறும் ரசஞ்சோறா அடிக்கறாங்க பலர், ஈரலுக்கு கொழுப்பு ஆகாதுன்னு. ஈரல்ல சேர்ற கொழுப்புல நல்ல பங்கு அந்த சோத்துலருந்தும் சர்க்கரைலருந்தும் ஈரலே தயாரிக்கறது.

குவாட்டர் விஷயம். 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல சுத்தமான ஆல்கஹால் கிட்டத்தட்ட 60 கிராம். சனி ஒண்ணு ஞாயிறு ஒண்ணுன்னா வாரத்துக்கு 120. புது வரையறைல ஆம்பளைங்களுக்கு வாரம் 210 கிராம தாண்டுனா அது தனி வகை, கொழுப்பும் குடியும் கலந்த நோய்னு 'மெட்ஏஎல்டி'ன்னு பேர் வச்சிருக்காங்க, அதாவது மூணரை குவாட்டர். கணக்குப்படி அவர் உள்ளதான் இருக்கார். ஆனா 27 வருஷ அனுபவத்துல, பொண்டாட்டிக்கு தெரிஞ்ச குவாட்டர் எண்ணிக்கை வேற, எனக்கு தனியா சொல்ற எண்ணிக்கை வேறங்கறத நான் பாத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க. அது எப்படியோ போகட்டும், தழும்பு விழுந்த ஈரலுக்கு 210ம் கிடையாது 120ம் கிடையாது, சைபர்தான். பீருக்கு மாறிக்கறேன்னு சொல்வார், 650 மில்லி ஸ்ட்ராங் பீர்ல 40 கிராம் இருக்கு.

கொலஸ்ட்ரால் மாத்திரைய நாளைக்கே அதை எழுதுன டாக்டர்கிட்ட கேட்டு திரும்ப ஆரம்பிக்க சொல்லுங்க. ஸ்டாட்டின்ங்கற இந்த வகை மாத்திரை ஈரல கெடுக்கும்ங்கற பயம் எங்க டாக்டர்களுக்கே ஒரு காலத்துல இருந்துச்சு, எஸ்ஜிபிடி 80 இருக்கேன்னு நிறுத்துவோம். இப்ப அப்படி இல்ல. இந்த நோய் இருக்கறவங்க அதிகமா இறக்கறது ஈரலால இல்ல, ஹார்ட் அட்டாக்கால. அந்த மாத்திரைதான் அவர் நெஞ்ச காப்பாத்திட்டு இருந்துச்சு.

இனி கீழாநெல்லி. மாமியார் மனச நோகடிக்காம படிச்சு காட்டுங்க. இதுக்கு சென்னைல ஒரு பெரிய கதை இருக்கு. தரமணில மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கூடத்துல எஸ்.பி. தியாகராஜன்னு ஒரு பேராசிரியர், ஹெபடைடிஸ் பி வைரஸ கண்டுபிடிச்சு நோபல் வாங்குன புளூம்பெர்க்கோட சேர்ந்து, அந்த வைரஸ் இருக்கறவங்களுக்கு கீழாநெல்லி பொடிய 30 நாள் குடுத்து பாத்தாங்க. 37 பேர்ல 22 பேருக்கு வைரஸ் அடையாளம் ரத்தத்துலருந்து மறைஞ்சுது, டம்மி பொடில 23 பேர்ல ஒருத்தருக்குத்தான். 1988ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, உலகமே திரும்பி பாத்துச்சு, நாங்க எல்லாம் பெருமைப்பட்டோம். அப்புறம் தாய்லாந்து மாதிரி வேற நாடுகள்ல திரும்ப பண்ணப்ப அந்த பலன் வரல. நம்ம பாட்டி வைத்தியத்த முறையா சோதிச்சு பாக்கணும்னு துணிஞ்ச வேலை அது, எனக்கு அதுமேல மரியாதை குறையல. ஆனா அது வைரஸுக்கு பண்ணது டீச்சர், கொழுப்புக்கு இல்ல. கீழாநெல்லிய அளவா குடுத்து அவர் ஈரல் கெட்டுரும்னு நான் பயமுறுத்தல, இதுக்கு பிரயோஜனம்னு சொல்றதுக்கும் என்கிட்ட ஒண்ணுமில்ல.

அந்த ஆன்லைன் பொடிய மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க. டப்பாவ திருப்பி பாருங்க, சீந்தில்கொடி இல்ல கிலோய்னு இருக்கான்னு. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு இத கண்டபடி குடிச்சு ஈரல் பாதிச்சு வந்த 43 பேர இந்தியால 13 ஆஸ்பத்திரிங்க சேர்ந்து 2022ல பதிவு பண்ணியிருக்காங்க. மஞ்சள்ல மிளகு சத்து சேத்த கேப்சூல்னாலயும் அமெரிக்கால கேஸ் வந்திருக்கு, குழம்புல போடற மஞ்சள சொல்லல, அடர்த்தியாக்கி கேப்சூல்ல அடைச்சு விக்கறத சொல்றேன். ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க, கண்ணெல்லாம் மஞ்சள், பைய தொறந்து மருந்தெல்லாம் எடுத்து மேஜைல அடுக்குனாங்க, இங்கிலீஷ் மருந்து மூணே மூணு, அப்புறம் எந்திரிக்கறப்ப "இது மருந்தில்ல, மூலிகைதான்"னு சொல்லி முந்தானைலருந்து ஒரு பொட்டலத்த அவுத்தாங்க. அதுதான் காரணம்.

ஹெபடைடிஸ் பி, சி ரெண்டுக்கும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துருங்க, உங்க ரிப்போர்ட்ல அது இருக்கற மாதிரி நீங்க எழுதல. கொழுப்புன்னு நெனச்சு விட்டு, உள்ள சி வைரஸ் இருந்த ஆளுங்கள பாத்திருக்கேன். இருந்தாலும் பயமில்ல, சி-ய 12 வாரம் மாத்திரைல 100க்கு 95 பேருக்கு மேல முழுசா விரட்டிடலாம், 2018லருந்து மத்திய அரசு திட்டத்துல மருந்து இலவசம்.

ஈரல் மாத்தற வரைக்கும் போகுமான்னு கேட்டிருந்தீங்க. இந்த நம்பர்கள வச்சு பாத்தா அவர் அதுலருந்து ரொம்ப தூரத்துல இருக்கார். எஃப்2, எஃப்3 திரும்பி வரக்கூடிய கட்டம். உங்க மாமனார் காலத்துல இந்த 'டொக்' மெஷினும் இல்ல, ஃபிப்-4 கணக்கும் இல்ல, ரத்த வாந்தி வந்தப்பதான் முதல் தகவலே வந்துச்சு. இவருக்கு அதுக்கு 12 வயசு முன்னாடியே, அவர் நல்லா மூட்டை எண்ணிட்டு இருக்கறப்பவே தகவல் வந்திருச்சு.

அடுத்த வேலை இதுதான். பொடிய நிறுத்தி, குவாட்டர நிறுத்தி, ஒரு மாசம் கழிச்சு ஃபைப்ரோஸ்கேன திரும்ப எடுங்க, அதே மெஷின் இருக்கற எடத்துலயே. காலைல முதல் ஆளா அப்பாயின்மென்ட் வாங்குங்க. வெறும் வயித்தோட போகணும்னு சொன்னா மண்டிக்காரங்க எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, "சாப்பிடல டாக்டர், ஒரு டீ மட்டும்தான்". டீயும் கூடாது.